வலது காது வீட்டுக்கு

இருக்கு. கஞ்சிரா இருக்கு. அந்தப் பிள்ள சொன்னது சரிதான். முதப் பாட்டுலயே இருக்கு, சவம், வலது காதுக்குள்ள ஒரு ஆளு உக்காந்துகிட்டு விரலால பேசிக்கிட்டிருக்கான், நான் இங்கன இஸ்திரிப் பெட்டியக் கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு கோட்டி பிடிச்சவ மாதிரி நிக்கேன். பெட்டிய நிறுத்தி வை ஹெப்சிபா, ஜிப்பா மேல வச்சிராத. எங்க வீட்டுக்காரவியளோட சந்தனக் கலர் ஜிப்பா, சாயங்காலக் கூட்டத்துக்குப் போட்டுட்டுப் போகணும். மேடையேறி மைக்கப் பிடிச்சு இந்த ஆல்பத்தப் பத்திப் பேசப் போறாவ. கிளாரினெட்டு வாசிச்ச சொக்கையா நேர்லயே வாராரு, கழுகுமலையில பஸ் ஏறிட்டாராம், அவரு மூஞ்சிக்கு நேரா நின்னுக்கிட்டு, தாளத்தையே தூக்கி எறிஞ்ச துணிச்சல் ஐயா உங்களுக்குன்னு சொல்லப் போறாவ. ஹெட்செட்ட ஒரு பக்கம் தூக்குனா ஹால்ல இருந்து கேக்குது, கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்துக்கிட்டிருக்காவ. ‘ஒரு தட்டு கூட இல்ல. ஒரு தட்டு கூட இல்லாம ஒரு ஆல்பம்.’ திரும்ப மாட்டினா தட்டு கேக்குது. தூக்குனா இல்லங்காவ, மாட்டினா இருக்கு. மத்தியானம் அவிய சிரிக்காம இருந்திருந்தா நான் இதக் காதுல மாட்டியே இருக்க மாட்டேன். மக ஷைனி லீவுக்கு வந்தவ கட்டில்ல மறந்து போட்டுட்டுப் போன ஹெட்செட்டு, ரெண்டு காதையும் பொத்திக்கிடும், எனக்கு எதுக்கு இதுன்னு பீரோவுல வச்சிருந்தேன். சாப்பிடும்போது சிரிச்சாவ. பாட்டுக் குரூப்புல புதுசா ஒரு பிள்ள சேந்திருக்கு ஹெப்சி, இசக்கிப்பிரியான்னு பேரு, காலேஜு படிக்குதாம், சார் அந்த ஆல்பத்துல கஞ்சிரா இருக்கே, நீங்க ஏன் தாளமே இல்லன்னு சொல்லுதியன்னு கேக்குது, பாத்தியான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ. நீங்க என்ன சொன்னியன்னு கேட்டேன். இன்னும் கொஞ்சம் ஆழமாக் கேளும்மான்னு சொன்னேன், பொறவும் விடல, கஞ்சிரா இருக்கு கஞ்சிரா இருக்குன்னு அனுப்பிக்கிட்டே இருந்துச்சு, அட்மின் தூக்கிட்டாருன்னாவ. சொல்லிட்டு ரசத்தக் கேட்டாவ. நானும் ஊத்துனேன். ஆழமாக் கேக்கணுமாம். அந்தப் பிள்ள எங்க உக்காந்து என்ன நெனச்சுக்கிட்டிருக்கோ, தன் காது மேலயே சந்தேகப்பட்டிருக்குமோ, சரியாக் கேட்ட ஒரே ஆள வெளிய தள்ளிட்டு மிச்ச ஆளு எல்லாம் சேந்து விழா எடுக்குதாவ.

காதோரம்னு பேரு போன்ல இருக்க அந்தக் குரூப்புக்கு. பாதிப்பேரு பாளையங்கோட்டை, பாதிப்பேரு வெளியூரு, பேங்க்குல இருந்து ரிட்டயரானவிய, வாத்தியாருமாரு, ஒரு பல் டாக்டரு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒருத்தரு, இப்ப நான் கேட்டுக்கிட்டிருக்கிறதுன்னு ஒரு ஆல்பத்தப் போடணும். மத்தவிய முதப் பாட்டுல இருந்து கடைசி வரைக்கும் வரிசை மாத்தாம, நடுவுல தாண்டாம கேக்கணும், கேட்டுட்டு வாயால பேசி அனுப்பணும், எழுதி அனுப்பக் கூடாது, பூவு படம் கைதட்டுப் படம் போடக் கூடாது. பெரிய சட்டம். அந்தச் சட்டம் போட்டவியதான் அத்தன பேரும் இந்த ஆல்பத்தக் கேட்டேன்னு குரல் கொடுத்திருக்காவ. ஆமா சார் தாளமே இல்ல சார், அந்த மௌனம் இருக்கு பாருங்க சார், எனக்குக் கண்ணு கலங்கிட்டு சார். பல் டாக்டருக்குக் கண்ணு கலங்கிட்டாம். எதக் கேட்டுக் கலங்குனாரு. ஒண்ணு கேட்டிருக்க மாட்டாவ, இல்ல, கேட்டும் கஞ்சிராவ வாய்க்குள்ளயே முழுங்கியிருப்பாவ, ஜெயசிங் சாரு இல்லன்னு சொல்லிட்டாருன்னா இல்லதான்னு. ஜெயசிங் சாரு காது காதுதான் சார்ங்காவ. எங்க வீட்டு ஜெயசிங் சாருதான். அந்தக் காதுக்குப் பின்னால யாரு இருக்கான்னு ஒருத்தருக்கும் தெரியாது. சாயங்காலம் மொட்டமாடியில நான் துணி எடுக்கப் போனா பின்னாலயே ஏறி வருவாவ, வந்து, இன்னைக்கு என்ன கேட்டன்னு கேப்பாவ. குழம்புக்கு உப்பு சரியா இருக்கான்னு நான் கேட்டாக்கூட வாயத் தொறக்காத மனுசன், இத மட்டும் கேப்பாவ. எனக்கு அதுல எவ்வளவு சந்தோசம் தெரியுமா. கல்யாணமாகி இத்தன வருசத்துல என்கிட்ட அவிய கேட்ட ஒரே கேள்வி அதான்னு வச்சுக்கிடுங்களேன். நானும் கொடியில இருந்து ஒவ்வொரு துணியா உருவிக்கிட்டே சொல்லுவேன். மூணாவது பாட்டுல கிளாரினெட்டு மேல இருந்து கீழ வருதுல்லா, இடுப்புல தண்ணிக் குடத்த வச்சுக்கிட்டு காலப் பாக்காம படி இறங்குத மாதிரி இருக்குங்கன்னு சொன்னேன். ம்னாவ. மறுநாளு சாப்பிட உக்காந்தப்ப போன ஸ்பீக்கர்ல போட்டு எனக்கே கேக்க வச்சாவ, அவிய குரல்ல என் குடம், என் இடுப்பு, என் படி. அதுக்குக் கீழ ஒருத்தரு, எப்படி சார் உங்களுக்கு மட்டும் இப்படித் தோணுதுன்னு உருகுதாரு. இந்த மனுசன் வாழ்நாள்ல ஒரு குடம் தூக்குனதில்ல. வீட்டுக்காரி சொன்னான்னு ஒரு வார்த்த வரும், வரும்னு தட்டுல கைய வச்சுக்கிட்டே இருந்தேன். வரல. அடுத்த வாரம் வரும்னேன். வரவே இல்ல. நானும் சேரட்டுமான்னு ஒருக்க கேட்டேன். பூராம் ஆம்பளையளா இருக்காவ ஹெப்சி, நீ அங்க வந்து என்ன செய்யப் போறன்னாவ. இப்ப இசக்கிப்பிரியா எப்படிச் சேந்தா. அப்ப அதுவும் பொய்யி.

ரெண்டாவது பாட்டு. நான் எதச் சொல்லிக்கிட்டிருந்தேனோ அந்த எடம் வருது. கிளாரினெட்டு ஒரு வரி வாசிச்சுட்டு நிப்பாட்டும். பொறவு சும்மா இருக்கும். சும்மான்னா அப்படியொரு சும்மா. அடுத்த வரி எப்ப வரும்னு தெரியாது, நான் கத்திரிக்காய நறுக்குறதக் கூட நிறுத்திட்டு நிப்பேன். அந்த ஆளு யாருக்கோ காத்துக்கிட்டிருக்காரு, பதிலு வரல, சரின்னு அவரே அடுத்த வரியத் தொடங்குதாரு, திரும்பியும் நிறுத்துதாரு, அப்பவும் வரல. இத நான் மொட்டமாடியில சொல்லும்போது கையில இருந்த துணிய மறுபடி கொடியிலயே போட்டுட்டேன். பதிலே வராதுன்னு தெரிஞ்சும் எடம் விட்டு வாசிக்காரு பாருங்க, அது எவ்வளவு பெரிய மனசுங்கன்னு சொன்னேன். அதத்தான் அவிய துணிச்சல்னு மாத்திக்கிட்டாவ, மௌனத்தின் ஆல்பம்னு இன்னைக்குப் பேனர் கட்டியிருக்காவ. இப்ப ரெண்டு காதுலயும் கேக்கேன். கிளாரினெட்டு நிறுத்துது, உடனே வலது பக்கத்துல இருந்து கஞ்சிரா வந்துருது. சும்மா எடமே கெடையாது. கேட்டதுக்குப் பதிலு, பதிலுக்கு மேல ஒரு சீண்டல், கிளாரினெட்டு சிரிச்சுக்கிட்டே திரும்ப வருது. ரெண்டு பேரு. ஆரம்பத்துல இருந்தே ரெண்டு பேரு. அந்த மனுசன் யாருக்கும் காத்துக்கிட்டிருக்கல, அவருக்கு ஆளு பக்கத்துலயே இருந்திருக்கு, நான்தான் கஞ்சி வடிக்கிற எடத்துல நின்னுக்கிட்டு அவரத் தனியாளாக்கி அழுதிருக்கேன். எனக்கு அந்தக் கஞ்சிரா மேலயே கோவம் வருது. நீ யாருல நடுவுல, எனக்கு அந்தக் காத்திருப்பு தெரியும், அது என்னோடது, நீ பாட்டுக்கு வந்து டகடகன்னு நிரப்பிட்டுப் போற. சீ, அவன் மேல ஏன் கோவப்படணும். அவன் முதல்ல இருந்தே அங்கனதான் வாசிச்சுக்கிட்டிருக்கான். நான் காதக் கொடுக்கல. கொடுக்க முடியல. வலது காது வீட்டுக்குல்லா. போனோட வந்த வயரு இருக்கே, ரெண்டு முனை, இடது முனை என் காதுல, வலது முனை கழுத்துல தொங்கும், என்னைக்கும் அப்படித்தான். குக்கர் விசில் எத்தனைன்னு எண்ணணும், கேஸ்காரன் வாசல் கேட்டத் தட்டுவான், மோட்டாரு போட்டா தொட்டி நெறைஞ்சு வழியுத சத்தம் கேக்கணும், ஹெப்சின்னு ஹால்ல இருந்து ஒரு கூப்பாடு வரும், ஒரு தடவைக்கு மேல கூப்பிட விட்டா, காது செவிடான்னு ஏச்சு. அதனால வலது காதத் தொறந்தே வச்சிருந்தேன். பாட்டுல பாதிய வீடு தின்னுருக்கு, எனக்குத் தெரியவே இல்ல.

இது மட்டுந்தானா. இந்த ஒரு ஆல்பம் மட்டுந்தானா. போன மாசம் நான் உருகுன அந்த வீணைக்காரிக்கு வலது பக்கம் யாரு இருந்தா. அதுக்கு முந்தி, தனியாப் பாடுதா, துணையே இல்லாமப் பாடுதாங்கன்னு நான் சொன்னேனே அந்த மலையாளத்துப் பிள்ள, அவளுக்கும் துணை இருந்திருக்குமோ. நான் கேட்ட தனிமையெல்லாம் தனிமைதானா, இல்ல, என் கழுத்துல தொங்குன வயருக்குள்ள மிச்சப் பேரு எல்லாம் வாசிச்சுக்கிட்டே இருந்தாவளா. சர்ச்சுப் பாடகர் குழுவுல ஆல்ட்டோ, அதான் பொம்பளையளோட கீழ்க்குரலு, பாடுனவ நான். ஆல்ட்டோக்காரி பாடுறது தனியா யாருக்கும் விழாது, நிறுத்துனாத்தான் என்னமோ குறையுதேன்னு சபைக்குத் தெரியும். ஆம்பளைக் குரல்ல பாஸ்காரன் என்ன பண்ணுதான், டெனர் எங்க இழுக்கான்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேதான் பாடணும். அப்படிப் பழகுன காது கஞ்சிராவத் தவற விட்டுட்டு. எனக்கு அவமானமா இருக்கு. அவமானமும் கோவமும் ஒண்ணா வருது, எது எதுன்னு பிரிக்கத் தெரியல. மத்தவன் தப்புக்குக் கோவப்படுறது சொகமா இருக்கு, இதுல என் தப்பும் கெடக்கு, அதான் இப்படி எரியுது. ஆனா ஒண்ணு. நான் தப்பாக் கேட்டாலும் கேட்டேன். முழுசும் கேட்டேன், ஒரு பாட்டத் தாண்டல, வரிசை மாத்தல. நான் எந்தக் கூட்டத்துலயும் போயி நின்னு ஆழமாக் கேளுங்கன்னு யாரையும் சொல்லல.

கழுத்துப் பட்டை இன்னும் சுருக்கமா இருக்கு. தண்ணியத் தெளிச்சு அழுத்தணும். பெட்டிய இப்படியே ஒரு நிமிசம் வச்சா போதும், முதுகுல முக்கோணமா ஒரு கருப்பு விழும், கூட்டத்துக்குப் போக வேற ஜிப்பா கெடையாது. வைக்க மாட்டேன். தீபாவளிக்கு நான் கைத்தறிக் கடையில அலைஞ்சு எடுத்த துணி, துணி என்ன பாவம் பண்ணுச்சு. பேசாம இருந்தாலே போதும். நான் ஒண்ணும் பண்ண வேண்டாம், இஸ்திரி போட்டுக் கொடுத்துட்டு சும்மா இருந்தா போதும், அவிய போயி மேடையில நிப்பாவ, தாளத்தத் தூக்கி எறிஞ்சவரேம்பாவ, சொக்கையா முழிப்பாரு. ஏன் ஐயா, என் கூட வாசிச்சவன் ஆளு இல்லையாம்பாரு. அந்தக் கஞ்சிராக்காரனும் அவரு கூடவே வந்து முன்வரிசையில உக்காந்திருந்தா என்னாகும். நெனச்சாலே முதல்ல சிரிப்பு வருது, பொறவு அந்தச் சிரிப்பு நின்னு போயிருது. அவிய முகம் எப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். பேங்க்குல ஒருக்க மேனேஜரு எல்லாருக்கும் முன்னால வச்சு ஏசுனப்போ வீட்டுக்கு வந்து, ஷூவக் கூடக் கழட்டாம கட்டில்ல உக்காந்திருந்தாவ, அந்த முகம். எனக்கு அந்த முகத்தப் பாக்க முடியாது. இந்தக் கோவத்துலயும் முடியாது. என்ன பொம்பள நான். என் பேச்சத் திருடுறாவன்னு இவ்வளவு நேரம் கொதிச்சேன், இப்ப திருடுனவியளுக்கு அடிபடக் கூடாதேன்னு பதறுதேன். இருந்தாலும் சொல்லணும். அவியளுக்காக இல்லன்னாலும் அந்தப் பிள்ளைக்காகச் சொல்லணும், வெயில்ல பஸ்ஸுல வாராரே அந்த மனுசனுக்காகச் சொல்லணும். சொல்லிட்டா இன்னொன்னும் நடக்கும், நான்தான் கேட்டேன்னு அவிய வாயால ஒத்துக்கிட்டாகணும். எப்படிச் சொல்ல. என்னங்க, தப்பாயிட்டு, நான் ஒரு காதுலதான் கேட்டேன், கஞ்சிரா இருக்கு, அந்தப் பிள்ளகிட்ட மன்னிப்புக் கேளுங்க, கூட்டத்துல என் வீட்டுக்காரி ஒரு காதுல கேட்டுட்டுச் சொன்னத நான் சொல்லிட்டேன்னு உண்மையச் சொல்லுங்க, எல்லாரும் சிரிப்பாவ, சிரிச்சா சிரிக்கட்டும், அதுவே நல்ல கதையாப் போயிரும். இதச் சொன்னா போதும். அவிய ஏன் கவனிக்கலன்னு மட்டும் கேக்கக் கூடாது, கேட்டா சண்டையாயிரும். ஆனா அதுவும் உறுத்துது. அவிய ரெண்டு காதுலயுந்தான கேப்பாவ. ஷைனி வாங்கிக் கொடுத்த பெரிய ஸ்பீக்கரு ஹால்ல இருக்கே, அதுல கேட்டா சுவரெல்லாம் கஞ்சிரா அதிருமே. நான் சொன்னத நம்பி, தன் காதுல விழுந்தத இல்லன்னு தள்ளிட்டாவளோ. என் பேச்ச அவ்வளவு நம்புனாவளோ. அப்படின்னா அது ஒரு மாதிரி இருக்கு. அத நெனச்சா கோவம் கொஞ்சம் இறங்குது. ஜிப்பாவ மடிக்காம கையில தொங்கப் போட்டுக்கிட்டு ஹெட்செட்டக் கழுத்துக்கு இறக்கிக்கிட்டேன். போயிச் சொல்லிருதேன்.

பனியனோட கண்ணாடி முன்னால நின்னாவ. தலை சீவியாச்சு, பவுடரு போட்டாச்சு. ‘என்னங்க’ன்னேன். ‘இஸ்திரி முடிஞ்சிட்டா, மணியாயிட்டு’ன்னாவ. நேராக் கஞ்சிரான்னு தொடங்க வாய் வரல, பையத் தொடங்குவோம்னு, ‘அந்த ரெண்டாவது பாட்டு உங்களுக்கு எப்படி இருந்துச்சு?’ன்னு கேட்டேன். ‘நீதான் சொன்னியே, பதிலு வராத எடத்துல நிறுத்தி நிறுத்தி வாசிக்காருன்னு. அதுதான் இன்னைக்குப் பேச்சுல முக்கியமான எடம்.’ ‘அது எனக்கு இருந்தது. உங்களுக்கு எப்படி இருந்துச்சு?’ ‘எனக்கும் அதேதான் ஹெப்சி.’ கண்ணாடியில இருக்க அவிய கண்ணப் பாத்தேன். அந்தக் கண்ணு வண்டிச் சாவியத் தேடிக்கிட்டிருந்துச்சு. ‘நீங்க அதக் கேட்டியளா?’ன்னேன். திரும்புனாவ. முகத்துல பொய் இல்ல. பொய் சொல்லணும்னு கூடத் தோணல அவியளுக்கு. ‘அதான் நீ கேட்டியே. ஒரு வீட்டுல ரெண்டு பேரு கேக்கணுமா?’ன்னாவ. எனக்கு ஒரு நிமிசம் வெளங்கல. ‘இந்த ஆல்பத்தயா, எல்லாத்தையுமா’ன்னு கேட்டேன். ‘எனக்கு எங்க நேரம் இருக்கு, குரூப்பப் பாக்கவே சரியா இருக்கு. உனக்குப் பொறுமை உண்டு, நீ கேக்குத. நான் எடுத்துச் சொல்லுதேன். எனக்குச் சொல்ல வரும், உனக்கு வராது’ன்னாவ, கணக்குத் தீத்து வச்ச மாதிரி. இவ்வளவு நாளும் திருடன்னுதான நெனச்சேன். திருடுனாலும் அதே பாட்டக் கேட்டுட்டுத் திருடுத ஆளுன்னு நெனச்சேன். மொட்டமாடியில நான் அந்த எடம் தெரியுதுல்லாங்க, அந்த எடம் தெரியுதுல்லாங்கன்னு கேட்டு, அவிய ம், ம்னு சொன்னதெல்லாம். நான் ஒருத்தியா நின்னு துணிக்கொடிகிட்ட பேசியிருக்கேன். அந்தக் கொடி கூடக் காத்துக்கு ஆடும். திருட்டுக்குக் கோவப்பட்டா திருப்பிக் கேக்கலாம், இதுக்கு என்னத்தத் திருப்பிக் கேக்க. தொண்டைக்குழி வரைக்கும் வந்து நின்ன வாக்கியம் அப்படியே கீழ இறங்கிட்டு. இறங்குறது எனக்கே தெரிஞ்சுது. தடுக்கணும்னு தோணல. ஜிப்பாவ நீட்டுனேன். கைய விட்டாவ, தலைய விட்டாவ, கழுத்துப் பட்டைய இழுத்துச் சரி பண்ணிட்டு, ‘பெரிய ஆளுக எல்லாம் வாராவ, சொக்கையா கூட இன்னும் யாரோ ரெண்டு பேரு வாராவளாம், முன்வரிசையில எடம் போடச் சொல்லியிருக்கேன்’ன்னாவ. ‘ஆமா, போடச் சொல்லுங்க’ன்னேன். செருப்ப மாட்டிக்கிட்டே, ‘என்னமோ சொல்ல வந்தியே’ன்னாவ. ‘ஜிப்பா சூடா இருக்கும், பாத்துப் போடுங்கன்னு சொல்ல வந்தேன்.’ ‘சூடெல்லாம் ஒண்ணுமில்ல’ன்னுட்டு வண்டிச் சாவிய எடுத்தாவ. நல்லாப் பேசிட்டு வாங்கன்னு வாசல் வரைக்கும் போயி அனுப்பி வச்சேன்.